பெரிய எழுத்து

திரவியம் அந்த அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். பாடம் கணக்கு. வகுப்பறைச் சுவரில் ஸ்மார்ட் போர்டு மாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன் மேல் அவர் ஓர் இந்திய வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தார். கேட்டவர்களிடம், "கணக்கு சாக்பீஸ்லதான் வரும்" என்றார்.

உண்மை வேறு. போர்டு வந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அவரை முன்னால் அழைத்து, திரையில் ஒரு வட்டம் வரையச் சொன்னார்கள். அவர் எதையோ தொட்டார். படம் தலைகீழாகிவிட்டது. இளம் ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அவரிடம் படித்தவர்கள்.

அதன்பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

ஜூலை மாதம் ஒரு நாள், வரலாறு எடுக்கும் ஜெசிந்தா அவரைத் தேடி வந்தார். ஜெசிந்தாவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. எழுத்தை வாசித்துக் காட்டும் லேப்டாப்பை வைத்துப் பாடம் நடத்துகிறவர். திரவியத்தைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"சார், உங்க வகுப்புல பேச்சியம்மாள்னு ஒரு பிள்ளை. பார்வை ரொம்ப மங்கல். கண்ணாடி போட்டாலும் சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க கணக்கைத் திரையில போட்டு எழுத்தைப் பெருசாக்கினா, அவ வாசிச்சிருவா."

திரவியத்துக்குத் திரைக்கு எங்கே உயிர் கொடுப்பது என்றே தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"முன் பெஞ்சுல உட்கார வைக்கேன் டீச்சர். அது போதும்."

போதவில்லை. பேச்சியம்மாள் 3 என்பதை 8 என்று எழுதினாள். கழித்தல் குறியைக் காணாமல் விட்டாள். முன் பெஞ்சிலிருந்தும் தெரியவில்லை என்றால் அது சாக்கு என்று திரவியம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவளை எழுந்து நிற்கச் சொன்னார். அவள் நின்றாள். அந்த வருடத்தில் பல நாள் நின்றாள். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை.

ஆண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு மதிப்பெண்; மறுபடியும் ஒன்பதாம் வகுப்பு என்றானது. ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. மாதக் கடைசியில் திரவியமே பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார்.

அடித்த அன்று அலமாரியை ஒழித்தபோது அவளுடைய கணக்கு நோட்டு கையில் கிடைத்தது. சும்மா புரட்டினார். பிறகு உட்கார்ந்து, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்தார்.

அவள் பார்த்து எழுதிய எண்கள்தான் தப்பு. அந்தத் தப்பான எண்களுக்கு அவள் கண்ட விடைகள் அத்தனையும் சரி. ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய சிவப்பு மை குறுக்கே ஓடியிருந்தது.

அவர் நேராக ஜெசிந்தாவிடம் போனார்.

"அந்தப் போர்டை எனக்குச் சொல்லிக்கொடுங்க டீச்சர்."

"இந்தப் பள்ளிக்கூடத்துல கண்ணு தெரிஞ்ச வாத்தியாருங்க பதினெட்டுப் பேர் இருக்காங்க. என்கிட்ட ஏன் சார் வந்தீங்க?"

பதிலையும் ஜெசிந்தாவே சொன்னார்.

"நீங்க தப்பா அழுத்தினா நான் பார்க்க மாட்டேன். அதானே?"

"ஆமா."

ஜெசிந்தா எழுந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்பதாம் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போங்க."

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

"இவங்ககிட்டச் சொல்லுங்க சார்."

"என்னத்தை?"

"தெரியாதுன்னு."

திரவியம் சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜெசிந்தா அவர் கையை விடவில்லை.

"எனக்கு இதைப் போடத் தெரியாது" என்றார் அவர்.

பின் பெஞ்சில் சிலர் சிரித்தார்கள். அவர் வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டி முடிப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து பாடம் நடந்தது. திரையில் இருப்பதை அவர் வாசித்தார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னார். பிள்ளைகள் முன்னாலேயே அவர் தப்பாக அழுத்தினார், திரும்ப அழுத்தினார். ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"நீங்க இந்தத் திரையைப் பார்த்ததே இல்ல. இவ்வளவும் எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எனக்குக் கண்ணு தெரியாதுங்கிறது எல்லாருக்கும் தெரியும் சார். அதனால நான் கேட்கக் கூச்சப்படல."

தீபாவளிக்கு முன்னால் அவருக்கு எல்லாம் கைவந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை, பள்ளியின் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார்.

அவள் மடியில் முறம் போன்ற சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. குரல் கேட்டதும் சுளகை இறக்கிவைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"உட்காரும்மா."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

திரவியம் ஒரு கணக்கைத் திரையில் வரவழைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, அவள் முகத்தருகே நீட்டினார். அவள் குனிந்தாள்.

"மூணு எக்ஸ் கழித்தல் எட்டு, சமம் பத்தொன்பது." தடுமாறாமல் வாசித்தாள். சற்று நேரம் கழித்து, "எக்ஸ் ஒன்பது" என்றாள்.

"சரி" என்றார் திரவியம். அவளிடம் அந்தச் சொல்லை அவர் அதற்கு முன் சொன்னதில்லை. "நீ திரும்ப வந்து சேர்ந்துக்கோ. ஹெட்மாஸ்டர்கிட்டப் பேசிட்டேன். இனிமே எல்லாத்தையும் இப்படியே போடுதேன்."

அவள் திரையின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"சார், இது நம்ம வகுப்புலயும் இருந்துச்சா?"

"சுவர்ல, மேப்புக்குப் பின்னால பெருசா ஒண்ணு இருந்துச்சு."

"நான் படிக்கும்போதா?"

"ஆமா."

அவள் உட்கார்ந்து சுளகை மடிக்கு இழுத்துக்கொண்டாள். இலையை எடுத்து, தூளை வைத்து, பார்க்காமலே சுருட்டினாள்.

"நான் வரல சார்."

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா வந்தாள். "கட்டாயப்படுத்தாதீங்க சார். போன வருசம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்து அழுதா. இப்பதான் அழாம இருக்கா."

திரவியம் இன்னும் இரண்டு தடவை போனார். கடைசித் தடவை அவள் எழுந்து நிற்கவில்லை. நூலைக் கட்டியபடியே, "சொல்லிட்டேன்ல சார்" என்றாள்.

திங்கட்கிழமை ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"போன வருசம் நீங்க இன்னொரு தடவை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம் டீச்சர்."

"கேட்டிருக்கணும்" என்றார் ஜெசிந்தா.

வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். திரவியம் டேப்லெட்டை மேசைமேல் வைத்து, ஜெசிந்தா பக்கமாகத் தள்ளினார்.

"இதைக் கத்துக்கிட்டு என்ன பிரயோசனம் டீச்சர். எனக்குக் காலம் கடந்துபோச்சு."

ஜெசிந்தா கையால் தேடி, அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினார்.

"நீங்க ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வருசம் இருக்கு சார். அவளுக்கு அந்த ஒரு வருசம்தான் இருந்துச்சு."