அக்கரையில் இல்லாத கரியன்

முதலில் ஒரு விடுகதை. கதையைக் கேட்டுக்கொண்டே யோசியுங்கள். கொடுக்கும்போது வெல்லக்கட்டி. விழுங்கிய பிறகு கருங்கல். அது என்ன?

காட்டுக் குளம் ஒன்றின் கரையில் ஓர் ஆட்டுக் கூட்டம் வாழ்ந்தது. அதற்குக் காவல் இரண்டு நாய்கள். ஒன்று கரியன், மற்றொன்று செம்பி. பொழுது சாய்ந்ததும் இரண்டும் ஆட்டுப்பட்டியைச் சுற்றி வரும். கரியன் இடப்பக்கமாகப் போகும். செம்பி வலப்பக்கமாகப் போகும். பட்டிக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியில் இரண்டும் சந்தித்து மூக்கோடு மூக்கு உரசும்.

"உன் பக்கம்?"

"ஒன்றுமில்லை! உன் பக்கம்?"

"ஒன்றுமில்லை!"

அப்போதுதான் சுற்று முடியும். பிறகு, வெள்ளச்சி என்ற தாயாடு பாறைக்குழியில் பீய்ச்சி வைத்திருக்கும் பாலை இரண்டும் சேர்ந்து குடிக்கும்.

ஒருநாள் கரியனைப் பட்டிக்குக் காவலாக விட்டுவிட்டு, செம்பி ஆடுகளோடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. வெள்ளச்சியின் குட்டி துள்ளியும் கரையிலேயே தங்கிவிட்டது. அங்கிருந்த புற்றின் மேல் ஏறிக் குதித்து விளையாடியது. திடீரென்று புற்றுக்குள்ளிருந்து நாகம் சீறி எழுந்தது! கரியன் பாய்ந்து நடுவில் விழுந்தது. துள்ளி பிழைத்தது. கரியன் நாலடி நடந்தது. கால் மடங்கியது. பிறகு எழவே இல்லை.

மரத்திலிருந்து மந்தி குதித்து ஓடி வந்தது. காகமும் வந்தது.

"ஐயையோ! செம்பி இதைப் பார்த்தால் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவாளே!" என்றது மந்தி.

"பார்த்தால்தானே! மூடிவிடுவோம்!" என்றது காகம்.

மந்தி கரியனை ஒரு பள்ளத்துக்கு இழுத்துப் போனது. வாடை தெரியாமல் இருக்க இரண்டும் நொச்சித் தழையை ஒடித்து மேலே குவித்தன.

"ஏ குட்டி, இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. தெரிந்ததா?" என்று மந்தி அதட்டியது.

துள்ளி தலையாட்டியது. அதற்கும் பயம்தான். 'என்னால்தான் செத்தார் என்று தெரிந்தால், செம்பி அக்கா என் முகத்தில் விழிப்பாளா?'

மாலையில் செம்பி வந்தது. "கரியன் எங்கே?"

"அக்கரைப் பட்டியில் நரித் தொல்லையாம்! உதவிக்குக் கூப்பிட்டார்கள், போயிருக்கிறான். நாளை வந்துவிடுவான்!" என்றது மந்தி.

செம்பி தனியாகச் சுற்றி வந்தது. புங்கமரத்தடியில் நின்றது. எதிரே யாரும் வரவில்லை. சுற்று முடியவில்லை. அதனால் பாலையும் தொடவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் காகம் பறந்து வந்தது.

"இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன்! கொழுகொழுவென்று இருக்கிறான்! உன்னை விசாரித்தான்!"

செம்பி வாலை ஆட்டியது. "அவன் வரட்டும், சேர்ந்தே குடிக்கிறோம்" என்றது. பாறைக்குழியில் பால் புளித்தது. செம்பியின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

நான்காம் நாள் காலை 'தொப்'பென்று ஒரு சத்தம். எல்லாம் ஓடி வந்து பார்த்தன. நிறைந்து கிடந்த குளத்தில் செம்பி நீந்திக்கொண்டிருந்தது!

"செம்பி! திரும்பி வா!" என்று வெள்ளச்சி கத்தியது.

"கரியனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்!"

பாதிக் குளத்தில் அதன் கால்கள் ஓய்ந்தன. தலை மூழ்கியது. நல்லவேளை, நீரில் கிடந்த எருமை கொம்பால் ஏந்தி அதைக் கரையில் தள்ளியது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றது எருமை.

"அக்கரைப் பட்டியில்... கரியன்..."

"அக்கரையில் ஏது பட்டி? நேற்றுக்கூட அங்கேதான் மேய்ந்தேன். ஒரு நாயையும் காணோமே!"

காகம் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. மந்திக்கு நாக்குக் குழறியது. "அது வந்து... அக்கரை இல்லை... மலைக்கு அப்பால்..."

செம்பி தள்ளாடிக்கொண்டு எழுந்தது. "எந்த மலை?"

துள்ளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலைக்கும் கிளம்பிவிடுவாளே!

"அக்கா! கரியன் அண்ணன் எங்கேயும் போகவில்லை. செத்துப்போய்விட்டார். என்னைக் காப்பாற்ற வந்து பாம்பிடம் கடிபட்டார். என்னால்தான்!"

வெள்ளச்சி வாயில் இருந்த புல்லைக் கீழே போட்டது. செம்பி உறுமும் என்று துள்ளி கண்ணை மூடிக்கொண்டது.

"காட்டு" என்றது செம்பி.

துள்ளி அதைப் பள்ளத்துக்கு அழைத்துப் போய், வாயால் தழைகளை இழுத்துப் போட்டது. செம்பி கரியனை மூக்கிலிருந்து வால்வரை மோந்து பார்த்தது. மறுபடியும் மோந்தது. பிறகு தலையைத் தூக்கி ஊளையிட்டது. மரத்தில் இருந்த பறவைகளெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன. மந்தி காதைப் பொத்திக்கொண்டது. ஆனால் செம்பியின் நெஞ்சு வெடிக்கவில்லை. அது அங்கேயே படுத்துக் கிடந்தது. பொழுது சாய்ந்ததும் எழுந்து, வலப்பக்கமாகக் காவலுக்குப் புறப்பட்டது.

மந்தி துள்ளியின் காதில் கிசுகிசுத்தது. "நீ போய் அம்மா பக்கத்தில் படு. நான் எங்கேயாவது ஒரு கறுப்பு நாயைப் பிடித்து வருகிறேன். 'கரியன் பிழைத்துவிட்டான்' என்று சொல்லிவிடலாம்!"

"நீ இன்னுமா திருந்தவில்லை!" என்று எருமை சீறியது.

துள்ளி அங்கே நிற்கவில்லை. பட்டியை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் நின்றது. செம்பி எதிரே வந்தது.

"நான் கரியன் அண்ணன் இல்லை, அக்கா. ஆனால் இந்தப் பக்கம் பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை."

செம்பி குனிந்து துள்ளியின் மூக்கில் மூக்கை வைத்தது. பாறைக்குழிக்குப் போய், வெள்ளச்சி புதிதாகப் பீய்ச்சி வைத்திருந்த பாலில் பாதியைக் குடித்தது. மறுபாதியை அப்படியே விட்டுவைத்தது.

விழுங்கிய பிறகு கல்லாகிற வெல்லக்கட்டி, ஆறுதலுக்காகச் சொன்ன பொய்தான். துயரத்தில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அன்று வெள்ளச்சி பட்டிக்குள் குட்டிக்கு இடம் விட்டுப் படுத்திருந்தது. ஆனால் துள்ளி புங்கமரத்தடியில் செம்பியின் பக்கத்தில் படுத்தது.