பஃபிள்ஹெட்டின் வாசல்

"எங்கட பெரியப்பா வாசலைப் பற்றி ஒண்டு சொல்லுவார், அக்கா. வாறவன் குனியாமல் வாற மாதிரி வை எண்டோ, குனிஞ்சு வாற மாதிரி வை எண்டோ. பாதிதான் ஞாபகம்."

"உங்களுக்கு எது வசதி?"

"குனியாமல் வாறதுதான்."

"அப்ப அதைத்தான் சொல்லியிருப்பார்," என்றார் மங்கையர்க்கரசி.

அவர் தியானம் சொல்லித்தரும் குரு. பரராஜசிங்கம் அவரைவிட மூத்தவர். ஆனாலும் குருவை அக்கா என்றே அழைப்பார். குரு அவரை அண்ணை என்பார். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் குழம்பிப்போவார்கள்.

கனடாவின் மேற்கே, காட்டுக்குள் ஓர் ஏரி. கரையில் சின்னதாக ஒரு தியானக் கூடம். நெருக்கி இருந்தால் பத்துப் பேர்.

பரராஜசிங்கம் நகரத்தில் வீடுகள் கட்டி ஓய்ந்தவர். கைகள் மட்டும் இன்னும் ஓயவில்லை.

"மழைக்குள்ள சனம் வெளியில நிக்குது, அக்கா. மேற்குச் சுவரை இடிச்சுப் பெருப்பிச்சால் நூறு பேர் இருக்கலாம். மாத முடிவில பலகை வருது, வேலையாக்களும் வருகினம். நீங்கள் ஓம் எண்டால் சரி."

"முதல்ல அந்தப் பெட்டியைத் துப்புரவாக்கி மரத்தில மாட்டுங்கோ, அண்ணை. ஏரி உருகுது. தாரா வரப்போகுது."

அந்தப் பெட்டி பஃபிள்ஹெட்டுக்கானது. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் முக்குளிப்புத் தாரா, சின்ன வாத்து. அதற்கு மரம் கொத்தத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில்தான் முட்டையிடும். பொந்துள்ள மரங்கள் சாய்ந்தபின் அக்கா பெட்டி வைக்கத் தொடங்கியிருந்தார்.

மாட்டிய மறுநாளே பெண்தாரா வந்தது.

தலையை நுழைத்தது. ஒரு தோளை நுழைத்தது. மற்றத் தோள் சிக்கியது. நெளிந்து, நசுங்கி, உள்ளே போனது.

பரராஜசிங்கத்தால் பார்க்க முடியவில்லை.

அது தண்ணீருக்குப் போனதும் ஏணி வைத்து ஏறினார். ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கினார். விளிம்பை அரத்தால் தேய்த்தும்விட்டார்.

"இனிச் சுகமாய் இரு, பிள்ளை," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சில நாட்களில் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா! பெட்டிக்குள்ள வேற ஒண்டு இருக்குது. மஞ்சள் கண். பெரிய சாமான்."

"கோல்டன்ஐ. அதுவும் தாராதான்."

"எங்கட சின்னதைத் துரத்திப்போட்டுது!"

"வாசல் இருந்தது, வந்திருக்குது. குனியாமலே வந்திருக்கும்."

"பகிடி விடாதேங்கோ. சின்னது தண்ணியில சுத்திச் சுத்தி நிக்குது. பெரியதைக் கலைச்சுவிடட்டோ?"

"முட்டை இட்டிருக்கும். பாவமெல்லோ?"

பரராஜசிங்கம் உட்கார்ந்தார். எழும்பினார். மீந்திருந்த பலகையைத் தூக்கிவந்து குருவின் முன்னால் வைத்தார்.

"ஓட்டை எவ்வளவு, அக்கா?"

மங்கையர்க்கரசி பெருவிரலையும் நடுவிரலையும் வளையமாகச் சேர்த்துப் பலகையின் மேல் வைத்தார். பரராஜசிங்கம் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறினார்.

புதிய பெட்டியைக் கரையில் சற்றுத் தள்ளி மாட்டினார்கள்.

இன்னொரு மஞ்சள் கண் வந்து தலையை நுழைத்துப் பார்த்தது. தோளோடு நின்றது. பறந்து போனது.

பிறகு சின்னது வந்தது. நெளிந்தது. நசுங்கியது. உள்ளே போனது.

"போயிட்டுது," என்று ரகசியமாகச் சொன்னார் பரராஜசிங்கம்.

"பாத்தனான்."

அன்று மாலை கூடம் நிறைந்திருந்தது. ஒருவர் முழங்கால் மற்றவர் முழங்காலில் முட்டியது.

லோகேஸ்வரியும் வந்திருந்தார். கணவர் இறந்தபின் யாரிடமும் ஓம், இல்லை என்பதற்கு மேல் பேசாதவர்.

"இண்டைக்கும் அவருக்குச் சேத்துச் சோறு போட்டிட்டன்," என்றார் லோகேஸ்வரி.

மிகவும் மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

பக்கத்தில் இருந்தவர் முழங்காலை எடுக்கவில்லை.

"பிறகு?" என்றார் மங்கையர்க்கரசி.

"பிறகென்ன, ரெண்டு பேற்ற சோத்தையும் நானே திண்டன்," என்றார் லோகேஸ்வரி. சிரித்தார். அழுதார். திரும்பவும் சிரித்தார்.

பரராஜசிங்கம் மேற்குச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். குரு அவர் பக்கம் திரும்பவில்லை.

காலையில் பரராஜசிங்கம் வேலையாட்களைத் தொலைபேசியில் அழைத்தார். சுவரை இடிக்க வேண்டாம், பலகையை மறுகரையில் இறக்குங்கள், அங்கே பத்துப் பேருக்கு இன்னொரு கூடம் கட்டுகிறோம் என்றார்.