பாப்பா தூங்குகிறாள்

அக்காவிடம் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கடவுளைப் பற்றிக் கேட்பார்கள். சிலர் சாவைப் பற்றிக் கேட்பார்கள். மழை எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. செண்பகவல்லி கேட்டது வேறு.

"அக்கா, எம்பிள்ள பொறந்ததும் அழுதுச்சா?"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அங்க இல்லையே, செண்பகம்."

கோவில்பட்டிக்கு வெளியே, காற்றாலைகள் சுற்றும் கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு தகரக் கூரைக் கூடம். அதுதான் அக்காவின் இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் பேர் வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். செண்பகவல்லியைவிட அக்கா வயதில் சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்காதான், தலை நரைத்தவர்களுக்கும்.

பல வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தவள் செண்பகவல்லி. பிரசவத்துக்குப் பிறகு இன்றுதான் வருகிறாள். தோளில் பெண் குழந்தை, மூன்று மாதம் ஆகப்போகிறது. பிள்ளை பிறந்த வாரமே அவள் அம்மா பூந்தியோடு வந்து, "எம்மக ஒரு சத்தம் போடல. தங்கமான பொண்ணுன்னு வார்டே மெச்சுச்சு. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த மவுனம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா பூந்தியை வாங்கி வைத்துக்கொண்டார்.

கணவன் சங்கரபாண்டி உள்ளே வரவில்லை. இந்த மாதிரி இடமெல்லாம் அவனுக்கு ஒத்துவராது. வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டான்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாக அக்கா. உடனே அழுதுச்சுன்னு எங்கம்மா சொல்லுது. கொஞ்சம் பொறுத்துத்தான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாக. நர்சம்மாவக் கேட்டா, எல்லாப் பிள்ளையும் அழும், போம்மாங்குது. எனக்கு மயக்க மருந்து குடுத்துட்டாக. முழிச்சுப் பாக்கேன், பிள்ள பக்கத்துல இல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்குன்னாக."

"இப்ப அழுறாளா?"

செண்பகவல்லி தன் தோளைத் திரும்பிப் பார்த்தாள்.

குழந்தை தோளிலேயே தூங்கிப்போயிருந்தது. அக்கா கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாயை விரித்தார். செண்பகவல்லி குழந்தையைக் கிடத்தினாள். அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கை போய்க் குழந்தையின் உள்ளங்காலைக் கிள்ளியது.

குழந்தை வீரிட்டது. செண்பகவல்லியின் முகம் அப்போதுதான் தெளிந்தது. வாரி எடுத்து, "இல்லடா, இல்லடா" என்று மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அக்கா குழந்தையின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பழைய தடங்கள் சிவப்பாக இருந்தன.

"எப்ப இருந்து?"

"வீட்டுக்கு வந்ததுலருந்து. தூங்குனா சத்தமே இல்லாமக் கெடக்கா அக்கா. எனக்கு ஈரக்குலை நடுங்குது. ஒருக்கா அழுதான்னா, சரி, இருக்கான்னு..."

"வெளிய நிக்கிற தம்பிக்குத் தெரியுமா?"

"போன வாரம் பாத்துட்டாக. தூக்கம் பத்தல, எடை ஏறலன்னு டாக்டர் வேற சொல்லிட்டாரு. இன்னொரு தடவ கிள்ளுனேன்னா பிள்ளைய அவுக அம்மாட்ட கொண்டுபோயி விட்டுருவேன்னுட்டாக. கோவத்துல சொல்லியிருந்தாக்கூடத் தாங்கிக்கிடுவேன். அழுதுகிட்டே சொன்னாக."

அவள் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் கிள்ளுவதுபோலவே குவிந்திருந்தன.

"தப்புன்னு எனக்குத் தெரியாதா அக்கா? இது நிக்க மாட்டேங்குது."

பெற்றவளே இப்படிச் செய்வாளா என்று ஊரில் நாலு பேர் கேட்கலாம். அந்த நாலு பேரும் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

பால் குடித்ததும் குழந்தை மறுபடி தூங்கிவிட்டது. பாயில் கிடத்தினார்கள். அக்கா அதன் காலடியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"கிள்ளணும்போல இருந்தா கிள்ளு. என் கைய."

"அக்கா!"

"நிக்க மாட்டேங்குதுன்னியே. அது பாட்டுக்கு வரட்டும்."

தூரத்தில் காற்றாலை சுற்றுகிற சத்தம் வந்தது. வெளியே சங்கரபாண்டி இருமினான். செண்பகவல்லி புடவை நுனியை முறுக்கினாள், விட்டாள், மறுபடி முறுக்கினாள். குழந்தை அசையவில்லை. அவள் கை நீண்டது. அக்காவின் புறங்கையைக் கிள்ளினாள்.

அக்கா கையை எடுக்கவில்லை.

"மூச்சு இருக்கா அக்கா?"

"இருக்கு."

"சத்தமே இல்லையே."

மறுபடி கிள்ளினாள். இந்த முறை நகம் பதிந்தது. மூன்றாவது முறை இரத்தம் துளிர்த்தது. அதைப் பார்த்ததும் அவளே பதறிப்போனாள்.

"வலிக்கலையா அக்கா?"

"வலிக்குது."

"பின்ன ஏன் ஒரு சத்தமும் போடல?"

"நீ ஏன் போடல?"

"எப்ப?"

"அன்னிக்கு."

செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

"போடக் கூடாதுன்னாக."

"யாரு?"

"அங்க இருந்த நர்சம்மா. பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு வலியில கத்துச்சு. தொடையிலயே ஒண்ணு வச்சாக. இப்படிக் கத்துனா உள்ள இருக்கதுக்கு மூச்சு முட்டிப் போகும்னாக. நான் என் கையைக் கடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"வலி மாறிப்போச்சு அக்கா. இது வேற வலின்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. உள்ள பிள்ள அசையல. சொல்லணும்னு நெனச்சேன். அவுகல்லாம் அந்தக் கோடியில நின்னு பேசிக்கிட்டு இருந்தாக. கத்துனாத்தான் கேக்கும். கத்துனாப் பிள்ளைக்கு ஆகாது. கதவுக்கு வெளிய எங்க வீட்டுக்காரர் குரல் கேட்டுச்சு. உள்ள விடுங்கன்னு வாட்ச்மேன்கிட்ட மல்லுக்கு நின்னாக. கூப்புட்டா கேக்குற தூரந்தான்."

"கூப்பிட்டியா?"

"இல்ல."

அவள் கண் குழந்தையின் வயிற்றைவிட்டு நகரவில்லை.

"ரொம்ப நேரம் கழிச்சு டாக்டரம்மா வந்து வயித்துல கொழாய வச்சுப் பாத்தாக. அதுக்கப்புறந்தான் எல்லாரும் ஓடுனாக. துடிப்பு கொறஞ்சிருச்சு, உடனே ஆபரேசன்னாக. நான் வாய மூடிக்கிட்டேன். உள்ள அவளும் வாய மூடிட்டா. அக்கா, நான் கத்தியிருந்தா அவுக முன்னாடியே வந்திருப்பாகல்ல?"

இதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள் என்பது அக்காவுக்குப் புரிந்தது.

"தெரியாது, செண்பகம்."

"நீங்களும் தெரியாதுன்னா நான் யாரக் கேப்பேன்?"

"உன் வாய யாரு மூடுனது?"

செண்பகவல்லி தன் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே பல் பதிந்த தழும்பு இன்னும் மங்கலாக இருந்தது. குழந்தை பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி சத்தமில்லாமல் போனது. கை மறுபடி பாதத்தை நோக்கிப் போனது. அக்கா இந்த முறை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு யாரக் கூப்பிடணும்னு நெனச்ச?"

"அவுகளத்தான்."

"கூப்பிடு."

"இப்பவா? பிள்ள முழிச்சிரும்."

"நீதான் எழுப்பிக்கிட்டே இருக்கியே. கூப்பிடு."

"ஏங்க."

"கதவைத் தாண்டாது இது."

"ஏங்க!"

"இன்னும்."

மூன்றாவது முறை வந்தது பேச்சே இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கத்தல் அது. தகரக் கூரை அதிர்ந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. கத்தி முடித்த பிறகும் வாய் மூடவில்லை. அக்காவின் மடியில் கவிழ்ந்து, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அத்தனை நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்தது. உதட்டைப் பிதுக்கியது. எத்தனையோ நாள் தூக்கம் அதன் கண்ணில் இருந்தது. அப்படியே மறுபடி தூங்கிப்போனது. செண்பகவல்லி அதைக் கவனிக்கவில்லை. குழந்தையை அவள் பார்க்காமல் இருந்தது மூன்று மாதத்தில் இதுதான் முதல் தடவை.

சங்கரபாண்டி மரத்தடியிலிருந்து ஓடி வந்தான். வாசல்படிக்கு வந்ததும் யாரோ தடுத்ததுபோல நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது.

"என்னாச்சு? பாப்பாவுக்கு என்ன?"

"பாப்பா தூங்குறா" என்றார் அக்கா.

பாயில் தூங்கும் குழந்தையைப் பார்த்தான். அக்காவின் கையிலிருந்த இரத்தத்தைப் பார்த்தான். தன் மனைவி வாய்விட்டு அழுவதை அவன் இதுவரை பார்த்ததே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றக் குனிந்தான். அவசரத்தில் வார் கழலவில்லை.

"நான்... உள்ள வரலாமா?"

"செருப்பு கெடக்கட்டும். அன்னிக்குத்தான் விடல. இன்னிக்கு வாங்க தம்பி."