நாதஸ்வரம் ஊதாத லாரி

சங்ககிரியில் லாரிகளும் பட்டறையும் வைத்திருந்த செங்கோடப்பனுக்கு ஒரே ஆசை. தன் புது லாரியின் புகைக்குழாய் நாதஸ்வரம்போல் கூவ வேண்டும்!

"ஒல்லிக் குழாயா மாட்டு, அப்பத்தான் கூவும். ஆனா பாரத்தோட தொப்பூர் மேடு ஏறலைன்னா உனக்கு வேலையில்லை" என்று வெல்டர் பொன்னரசியிடம் சொன்னார்.

"இஞ்சின் மூச்சு விட அகலக் குழாய்தானுங்க வேணும்."

"நாதஸ்வரக்காரன் மூச்சு முட்டியா சாகறான்?"

"அவரு மூட்டை சுமந்து மேடேறிக்கிட்டா ஊதறாருங்க, முதலாளி?"

பட்டறையே சிரித்தது. முதலாளிக்கு ரோஷம் பொங்கியது.

"நான் ஏறிக் காட்டறேன் பாரு!"

மூக்கில் துணிக் கிளிப், வாயில் இளநீர்க் குழல், தோளில் மணல் மூட்டை. பட்டறைச் சரிவில் மேல்நோக்கிப் பாய்ந்தார். பாதியிலேயே முகம் தக்காளியாகிவிட, குழலைத் துப்பிவிட்டு வாயைப் பிளந்தார்.

பொன்னரசி பணிவாகக் கேட்டாள்: "நீங்க துப்பிட்டீங்க. பாவம், லாரி எப்படிங்க துப்பும்?"

மூச்சு திரும்பியதும் முதலாளி கத்தினார்: "அகலமானதையே மாட்டித் தொலை, புள்ள!"