கரிநாளுக்கு வந்த நல்ல காலம்

மழை தராத மேகம் ஒன்று இருந்தது. கணினி வைத்திருப்பவர்கள் தங்கள் கோப்புகளையெல்லாம் ஏற்றி வைக்கும் மேகம் அது. அதன் மேல் சிவகாசி நாட்காட்டி நிறுவனம் ஒன்றுக்கு ஓர் அலமாரி இருந்தது. அலமாரிக்குள் ஒரு கோப்பு. வரப்போகும் ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாட்களும் அக்கோப்பின் வயிற்றுக்குள் வரிசையாக உறங்கிக்கொண்டிருந்தன.

கோப்பின் வாசலில் இரு சகோதரிகள் காவல் நின்றனர். மூத்தவள் பெயர் பார்வை. அவளுக்குரிய சீட்டுடன் வருபவர் கோப்பைக் காணலாம், தொட இயலாது. இளையவள் பெயர் திருத்தம். அவளுக்குரிய சீட்டுடன் வருபவர் உள்ளே புகுந்து எதையும் அழிக்கலாம், எதையும் எழுதலாம். வாசலுக்கு உட்புறத்தில் வரலாறு என்னும் கிழவன் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தான். வந்தவர் யார், மாற்றியது என்ன என்று எழுதுவது அவன் தொழில். கேட்காமல் அவன் வாய் திறப்பதில்லை. அதனாலேயே அவனை யாரும் நினைப்பதுமில்லை.

யாருக்கு எந்தச் சீட்டு என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் முதலாளி அருணகிரி. அலமாரியை அமைத்துக் கொடுக்க வந்த மெர்சி அவரிடம் கேட்டாள்:

"அண்ணாச்சி, திருத்துற உரிமையை யாருக்குக் கொடுக்கணும்? ஒருத்தர் போதும். மிஞ்சினா ரெண்டு பேர்."

அருணகிரி மேசை இழுப்பறையைத் திறந்து தம் மகளின் திருமண அழைப்பிதழை எடுத்து நீட்டினார்.

"இதுல பேர் இருக்கிற வரிசையிலேயே கொடுத்துரும்மா. எல்லாரும் நம்ம கம்பெனிதான். ஒரு பேர் விட்டுப்போனாலும் பொங்கலுக்கு வீட்டுப்படி ஏறமாட்டாங்க."

"பதினேழு பேர் இருக்காங்களே."

"பதினெட்டு. அடியில பேனாவால எழுதியிருக்கேன் பாரு, பூமிநாதன்னு. என் சகலை. அச்சுல விட்டுப்போச்சு. அஞ்சு மாசமா மூஞ்சி கொடுத்துப் பேசல."

"சரி. நாளெல்லாம் கணிச்சுக் கொடுத்த அம்மாவுக்கு?"

திதி, நட்சத்திரம், முகூர்த்தம், ராசிபலன் அனைத்தையும் கணித்துத் தந்தவர் திருநெல்வேலி வேதவல்லி. ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சாவது அவர் பெயர்தான்.

"அவங்க வெளியாள்தானே," என்றார் அருணகிரி. "பார்க்க மட்டும் கொடு."

இவ்வாறாகக் கணித்தவர் வாசலில் நிற்க, கல்யாண அழைப்பிதழ் உள்ளே நுழைந்தது.

ஒரு வாரம் சென்றது. ஒரு காலைப் பொழுதில் பூமிநாதன் சீட்டுடன் வந்தார். நேரே வைகாசி பதினாறாம் நாளிடம் சென்று, அதன் நெற்றியில் இருந்த 'கரிநாள்' என்ற சொல்லை அழித்து, 'சுபமுகூர்த்தம்' என்று எழுதிவிட்டுப் போனார். தம் மகன் திருமணத்துக்கு அவர் பேசி வைத்த மண்டபம் அந்த நாளில் மட்டுமே காலியாக இருந்தது. கரிநாளில் மண்டபம் ஏன் காலியாக இருக்கிறது என்று அவர் சிந்திக்கவில்லை. பெண் வீட்டார் சிந்தித்தார்கள். 'உங்கள் நாட்காட்டியைக் காட்டுங்கள்' என்றார்கள்.

வைகாசி பதினாறு திருத்தத்திடம் முறையிட்டது. "நான் பரம்பரைக் கரிநாள். என்னை நம்பி ஊரில் தாலி கட்டுவார்களே."

"உனக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது, வாங்கிக்கொள்," என்றாள் திருத்தம்.

"சீட்டைப் பார்த்தாயே, ஆளைப் பார்த்தாயா?" என்று பார்வை தங்கையைக் கேட்டாள்.

"ஆளைப் பார்ப்பது சீட்டுக் கொடுப்பவர் வேலை, அக்கா. வருகிறவருக்குக் கதவைத் திறப்பது என் வேலை. நீ மட்டும் என்ன? அந்த அம்மாளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாய்."

பார்வை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அச்சமயம் வேதவல்லி வாசலில்தான் நின்றிருந்தார். பிழை தெரிந்தது, கை நீட்ட வழியில்லை. மறுநாள் கோப்பு அச்சுக்குப் போகிறது. அவர் அருணகிரியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணாச்சி, கரிநாளை முகூர்த்தமாக்கியிருக்கீங்க. நாப்பதாயிரம் வீட்டுச் சுவரில் இது தொங்கப்போகுது. முப்பது வருஷத்துல ஒரு நாள் பிசகினதில்லை. ஒண்ணு, சரி பண்ணுங்க. இல்ல, என் பேரை எடுத்துடுங்க."

வேதவல்லி பெயர் இல்லாத நாட்காட்டி, ஆணியோடு சேர்த்து விற்றாலும் போகாது. அருணகிரி உடனே மெர்சியை வரவழைத்தார். மகன் திருமணத்துக்கு நாள் தேடிக்கொண்டிருந்த சகலையையும் வரவழைத்தார்.

"யார் கை வச்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"கேட்டாச் சொல்லும், அண்ணாச்சி," என்று மெர்சி வரலாற்றைத் திறந்தாள்.

கிழவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஆண்டு முழுவதும் காத்திருந்தவன் போலப் படித்தான்: "வைகாசி பதினாறு. கரிநாள் நீக்கம். பூமிநாதன்."

"மண்டபம் கிடைக்கல, சகலை," என்றார் பூமிநாதன், சுவரைப் பார்த்தபடி.

"மண்டபம் கிடைக்கலேன்னா பஞ்சாங்கத்தை மாத்துவீரா? நாளைக்கு மழை வந்தா வானத்தையும் மாத்துவீரு."

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் மெர்சி. "இதுக்கு முந்தியே நடந்தது. படிக்கவா, வேண்டாமா?"

"படி. யாரா இருந்தாலும் விடமாட்டேன்."

கிழவன் ஏட்டின் முதல் பக்கத்துக்குப் போனான். "விருச்சிக ராசி, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் 'வெற்றி' என மாற்றம். துலாம் ராசி, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் 'பொறுமை' என மாற்றம். மாற்றியவர், அருணகிரி."

 பூமிநாதன் மெல்லத் திரும்பினார்.

"நீங்க விருச்சிகம். என் கொழுந்தியா, உங்க வீட்டம்மா, துலாம். அதுக்கு வருஷம் பூரா பொறுமையா, சகலை? நான் ஒரு நாளைத்தான் தொட்டேன்."

அருணகிரி மேசையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார். மரியாதைக்காகக் கொடுத்த சாவி எந்தப் பெட்டிக்கும் காவலாகாது. கொடுத்தவரின் கையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். இது அவருக்கு விளங்க ஐந்து நிமிடம் பிடித்தது. நமக்கு அதற்கும் அதிகம் பிடிக்கும்.

"மெர்சி, அந்த அம்மா கொடுத்தபடியே பழசைக் கொண்டு வந்துரு. திருத்துற உரிமை அவங்களுக்கு மட்டும். மத்த எல்லாருக்கும் பார்வை."

"பேர் வரிசைக்குக் கோவிப்பாங்களே, அண்ணாச்சி."

"பார்க்கிறவங்க வரிசையில முதல் பேரா என் பேரைப் போடு. அதுக்கு அடுத்து சகலை பேரு. இந்தத் தடவை பேனாவால எழுத வேண்டாம்."

பூமிநாதன் முகம் ஐந்து மாதத்துக்குப் பின் மலர்ந்தது. வேறு மண்டபம் தேடப் புறப்பட்டார்.

மாலையில் பார்வையின் வாசலில் பதினெட்டுப் பேரும் புதிய வரிசை குலையாமல் நின்றனர். வேதவல்லி ஒருவர் உள்ளே சென்றார். வைகாசி பதினாறு தன் பழைய கரியை நெற்றியில் பூசிக்கொண்டு நிம்மதியாகப் படுத்தது.

அருணகிரி வாசலில் எட்டி நின்று, புத்தாண்டின் முதல் தாளில் தம் ராசியைத் தேடினார். வேதவல்லி கணித்தபடியே இருந்தது.

விருச்சிகம்: அடக்கம்.