தண்டபாணி ரோடு பைக்குக்கு மாறியது

"இந்த வண்டியை ரோடு பைக்கா மாத்திக் குடுங்க, கோச்" என்றார் தண்டபாணி.

பெனிட்டா வண்டியைப் பார்த்தார். பச்சை நிற ஸ்டீல் கிராவல் பைக். மண் பாதைக்கும் சரளைக் கல்லுக்கும் என்று செய்த சைக்கிள். முள்முள்ளாய்த் தடித்த டயர்கள். மாட்டுக் கொம்பு மாதிரி இரு பக்கமும் விரிந்த ஹேண்டில்பார்.

"இதுல என்ன குறை?"

"ஓட மாட்டேங்குதுங்க."

"உருட்டிட்டா வந்தீங்க?"

"ஓட்டிட்டுத்தான் வந்தேன்."

"அப்ப ஓடுதே."

தண்டபாணிக்கு நாற்பத்தெட்டு வயது. பம்புசெட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. பெனிட்டாவுக்கு முப்பது தாண்டியிருந்தால் அதிகம். ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். இப்போது வடவள்ளியில் பட்டறை வைத்திருந்தார். காலையில் பயிற்சியும் கொடுப்பார். தலை நரைத்தவர்கள்கூட அவரை கோச் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"விவரமாச் சொல்லுங்க சார்."

தண்டபாணி சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை குரூப்புல போறனுங்க. எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா லைன் கட்டிப் போவாங்க. தொண்டாமுத்தூர் தாண்டினா என்னை விட்டுட்டுப் போயிடறாங்க. ஒட்டி வாங்க, ஒட்டி வாங்கன்னு கத்தறாங்க. ஒட்ட முடிஞ்சா ஒட்ட மாட்டனா? வண்டி இழுக்குது."

"முன்ன எங்க ஓட்டினீங்க?"

"மதுக்கரைப் பக்கம், குவாரி ரோட்டுல. ஆறேழு வருசம் அங்கயேதானுங்க. எங்க வீட்டுக்காரி வசுமதி சைக்கிள் வாங்கி இந்தக் குரூப்புல சேர்ந்தா. அவகூடப் போகலாம்னு நானும் சேர்ந்தேன்."

"அவங்க எப்படிப் போறாங்க?"

"அவ போயிடுவா. டீக்கடையில எனக்கு வடை ஆறிப்போய்க் கிடக்கும்."

பெனிட்டா சிரிக்கவில்லை. தண்டபாணியும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"இனிமே யாருக்காகவும் காத்திருக்க முடியாதுன்னு குரூப்புல சொல்லிட்டாங்க. இந்த வாரமும் நான் விட்டுப்போனா, லைன்ல இருந்து வெளிய வந்துடறேன், உங்ககூடவே பின்னால வரேன்னு வசு சொல்றா."

"நல்லதுதானே?"

"இல்லீங்க கோச். அவ அந்த லைன்ல போறதை நீங்க பார்த்ததில்ல."

பெனிட்டா எழுந்து ஸ்டாண்டை இழுத்துப் போட்டார். வண்டியைத் தூக்கி மாட்டினார்.

தடித்த டயர்கள் கழன்றன. வழவழப்பான ஒல்லி டயர்கள் ஏறின. கொம்பு ஹேண்டில்பார் போய், தோள் அகலத்துக்கு ஒன்று வந்தது. அதையும் பெனிட்டா கொஞ்சம் தாழ்த்தி வைத்தார். முன்னால் இருந்த சின்னப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெரியது போட்டார்.

கழற்றிய ஒவ்வொன்றையும் தண்டபாணி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். மறுநாள் வரும்போது வீட்டிலிருந்து எடை மெஷினைக் கொண்டுவந்தார்.

"இந்த சீட்டுக்குப் பதிலா எடை கம்மியா ஏதாச்சும்?"

"உக்காந்தா வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப இருக்கட்டும்."

சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். "ஃபிரேம் ஸ்டீலா இருக்குதே. அதையும் தூக்கிட்டு கார்பன்ல போட்டுட்டா?"

"ஃபிரேமையும் மாத்திட்டா, நாம மாத்தினது எந்த வண்டியை?"

தண்டபாணி எடை மெஷினை அணைத்தார்.

மூன்றாம் நாள் வேலை தீர்ந்தது.

"முடிஞ்சுதுங்களா?"

"வண்டி முடிஞ்சுது" என்றார் பெனிட்டா.

தண்டபாணி மருதமலை ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்தார். முகம் முழுக்க வேர்வை. இறங்காமலேயே பேசினார்.

"டவுன் பஸ்ஸை முந்திட்டனுங்க."

"ஸ்டாப்ல நின்னுட்டிருந்துதா?"

தண்டபாணி ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. ஆனா அது கிளம்பினதுக்கு அப்புறமும் கொஞ்ச தூரம் நான்தான் முன்னால."

"நல்ல வண்டி" என்றார் பெனிட்டா.

"ஞாயித்துக்கிழமை நீங்களும் வந்து பாருங்க கோச்."

"வரேன்."

ஞாயிற்றுக்கிழமை எதிர்க்காற்று. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து வரும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

லைனின் கடைசியில் வசுமதி. அவளுக்குப் பின்னால் தண்டபாணி. எல்லோருக்கும் பின்னால், தனியாக, பெனிட்டா.

தொண்டாமுத்தூர் வரைக்கும் பேச்சும் சிரிப்புமாகப் போனார்கள். ஊர் தாண்டியதும் முன்னால் இருந்தவர் வேகத்தைக் கூட்டினார். பேச்சு நின்றது. லைன் இறுகியது.

வசுமதிக்கும் தண்டபாணிக்கும் நடுவில் மட்டும் ஒரு ஆட்டோ நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது.

பிறகு அது ஒரு லாரி நுழைகிற அளவுக்கு ஆனது.

தண்டபாணி குனிந்தார். கியரை மாற்றிப் பார்த்தார். மறுபடியும் பழைய கியருக்கே வந்தார். தொடை எரிந்தது. ஓட்டிக்கொண்டே வண்டியைப் பார்த்தார், டயர், செயின், ஹேண்டில்பார் என்று.

பெனிட்டா பக்கத்தில் வந்தார்.

"இன்னும் என்னங்க மாத்தணும்?" என்றார் தண்டபாணி. மூச்சு வாங்கியது.

பெனிட்டா அவர் முகத்தைப் பார்த்தார். முகம் சற்று இடப்பக்கம் திரும்பியிருந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. கண்ணாடிக்குள் வலது கண் சுருங்கியிருந்தது.

"மூஞ்சிய ஏன் திருப்பி வச்சிருக்கீங்க?"

"அப்படியா வச்சிருக்கேன்?"

"ஏன் இவ்வளவு தள்ளி வரீங்க?"

"கிட்டப் போனா கல்லு தெறிக்குமுங்க. முன்னால போற டயர் அடிச்சு விடும். ஒருக்கா மூக்குக் கண்ணாடியே ஒடைஞ்சுபோச்சு."

"எங்க?"

"குவாரி ரோட்டுலதான்."

"இங்க?"

தண்டபாணி கீழே பார்த்தார்.

தார் ரோடு. புதிதாகப் போட்டது. இரு பக்கமும் பாக்குத் தோப்பு. நடுவே கறுப்பாக, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

அவர் கொஞ்ச தூரம் ரோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

நிமிர்ந்தபோது வசுமதி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் விலகிப் போனார். அவள் தொடரவில்லை. அவள் கால்கள் சுற்றுவது நின்றுவிட்டது. லைன் அவளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பெனிட்டா மெல்லப் பின்வாங்கிக்கொண்டார்.

தண்டபாணி முகத்தை நேரே வைத்தார்.

லாரி அளவு இருந்த இடம் ஆட்டோ அளவானது. பிறகு ஒரு சைக்கிள் அளவு. அங்கே வந்ததும் அவர் விரல்கள் தாமாகவே பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தன. உதடு மூடிக்கொண்டது. வசுமதியின் பின்சக்கரம் கண்ணுக்கு நேராகச் சுழன்றது.

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

ஒரு முழம்.

இன்னும் கொஞ்சம்.

சட்டென்று காதில் இரைச்சல் நின்றது. யாரோ ஜன்னலைச் சாத்தியது போல இருந்தது. வசுமதியின் முதுகு மறைப்பில், நெஞ்சைத் தள்ளிக்கொண்டிருந்த காற்றைக் காணவில்லை. எரிந்துகொண்டிருந்த கால்கள் சும்மா சுற்றின.

முன்னால், தலையைத் திருப்பாமல், வசுமதி கேட்டாள்.

"பின்னால யாருங்க? கோச்சா?"

"நான்தான்."

"எங்க இருக்கீங்க?"

"உன் டயருக்கு ஒரு சாண் பின்னால."

வசுமதி திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் போகும் லைனைப் பார்த்துக் குனிந்தாள். டக்கென்று ஒரு கியர் ஏற்றினாள்.