ஒன்றரை வேகம்

தப்... தப்... தப்...

பஸ்ஸை விட்டு இறங்கி, கருவாட்டுக் கடையைத் தாண்டி, தெரு முக்கில் திரும்பும்போதே பேச்சிமுத்துவுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. மாவு மில் இன்னும் கண்ணில் படவில்லை. துணிமேல் கம்பு விழுகிற சத்தம். எட்டு மாதமாகக் காதுக்குள் கிடக்கிற சத்தம்தான். ஆனால் இவ்வளவு மெதுவாக அது ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு தட்டு. பிறகு ஒன்றுமில்லை. ஒரு மனுசன் மூச்சை இழுத்து விடுகிற நேரம். அதற்கப்புறம்தான் அடுத்த தட்டு.

வேறு மில்லாக இருக்குமோ என்று நின்றான். தோளில் தொங்கிய லேப்டாப் பையை மாற்றிப் போட்டுக்கொண்டான். பிறகு சத்தம் வந்த பக்கமே நடந்தான்.

பேச்சிமுத்துவுக்கு நாற்பத்தாறு வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு போயிற்று. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, தூங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் லேப்டாப் முன் உட்காருவான். மச்சான் வீட்டில் சும்மா கிடந்ததைக் கேட்டு வாங்கிய பழைய லேப்டாப். அதில் ஜெபக்கனி டீச்சரின் பாடம் ஓடும். ஒன்றுமே தெரியாதவர்களுக்கான கம்ப்யூட்டர் பாடம். கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்க ஆள் கிடையாது. டீச்சரின் முகம் வராது. திரையும் குரலும் மட்டும்தான். மொத்தம் எழுபத்திரண்டு பாடம். எழுபத்திரண்டையும் பார்த்துவிட்டான்.

பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் மனைவி பொன்னுத்தாய்க்கு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. அவளுக்குப் பத்து நாளைக்கொரு முறை ஷிப்ட் மாறும். அவனுக்கு வாரத்துக்கொரு முறை. ஒருவர் எழுந்துபோன பாயின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து படுப்பார். பேச்செல்லாம் அடுப்படியில் துண்டுச்சீட்டாகக் கிடக்கும். 'ரசம் இருக்கு.' 'கேஸ் வந்துச்சு.' 'கால்வலி பரவாயில்லை.' ஒரு நாள் அவள் காலண்டரைக் காட்டிக் கேட்டாள்: "நாம ரெண்டு பேரும் ஒண்ணா வீட்ல இருக்கிற நாள் எதெதுன்னு, முன்கூட்டியே அந்தப் பெட்டி சொல்லுமா?"

"சொல்லும்" என்றான். "நான் சொல்ல வைக்கேன்."

அது எட்டு மாதத்துக்கு முந்திய பேச்சு. போன வாரம் அதை எழுதுவதற்காக வெற்றுத் திரையைத் திறந்தான். ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மினுங்கியது. விடியக் காலையிலிருந்து வெயில் ஏறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுபத்திரண்டு பாடத்தில் ஒரு வரிகூட விரலுக்கு வரவில்லை.

இப்போது மச்சான், மகள் காலேஜுக்கு வேண்டுமென்று லேப்டாப்பைத் திருப்பிக் கேட்கிறார். கொடுப்பதா, இன்னும் ஒரு வருஷம் தாருங்கள் என்று காலைப் பிடிப்பதா? டீச்சரிடமே கேட்டுவிடலாம் என்று பாடத்துக்குக் கீழே எழுதினான். 'வாங்க. மூணு மணிக்கு மேல கூட்டம் இருக்காது' என்று மில் இருக்கிற இடத்தைச் சொல்லிப் பதில் வந்தது. இது உங்களுக்கு வராது என்று டீச்சர் சொல்லிவிட்டால், மூன்றே முக்கால் பஸ்ஸில் ஏறி, போகிற வழியிலேயே மச்சான் வீட்டில் இறங்கிக் கொடுத்துவிடுவது. அதுதான் முடிவு.

மில்லுக்குள் எந்திரம் நின்றிருந்தது. அரைத்த மாவு வந்து இறங்குகிற நீளத் துணிப்பையை ஒருத்தி கம்பால் தட்டிக்கொண்டிருந்தாள். புருவமெல்லாம் மாவு. கவிழ்த்த டின்மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்து தன் தூக்குவாளிக்காகக் காத்திருந்தாள்.

"டீச்சர் இருக்காங்களா?"

கம்பு நின்றது. "எந்த டீச்சர்?"

"ஜெபக்கனி டீச்சர். கம்ப்யூட்டர் பாடம் நடத்துறவங்க."

"நாந்தான்."

பேச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். முப்பது வயதுக்கு மேல் மதிக்க முடியாது. "இல்லம்மா. அவங்க குரல் வேற. சடசடன்னு பேசுவாங்க."

டின்மேல் இருந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "இவளா சடசடன்னு பேசுவா? இவ இடியாப்ப மாவு அரைச்சுத் தாரதுக்குள்ள எனக்குப் பேத்தியே பொறந்துரும்."

"ரோஸ்லின் அக்கா, சும்மா இருங்க." ஜெபக்கனி அவன் பக்கம் திரும்பினாள். "என்ன வேகத்துல வச்சுக் கேட்டிய அண்ணாச்சி?"

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "ஒன்றரை."

"எல்லாப் பாடமுமா?"

"எல்லாம். சில நாள் ரெண்டு." குற்றம் செய்தவனைப் போல அவனே தொடர்ந்தான். "நாப்பத்தாறு வயசாச்சு டீச்சர். விட்டதைப் பிடிக்கணும்ல."

"உக்காருங்க."

உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். எனக்கு இது வருமா, வராதா? வராதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

ஜெபக்கனி கம்பை அவன் கையில் கொடுத்தாள்.

"இதைத் தட்டுங்க."

பையை இறக்கி வைத்துவிட்டுத் தட்டினான். நூற்பாலைக்காரன் கை. தப்தப்தப்தப் என்று இருபது அடி விழுந்தது. துணியின் இழை வழியாக மாவு புகைபோலக் கிளம்பி அவன் மீசையில் அப்பியது. கீழே வைத்திருந்த தூக்குவாளியில் ஒரு சிட்டிகைகூட விழவில்லை.

"ஏ அய்யா! என் மாவைக் காத்துல விட்டுராதீய!" என்றாள் ரோஸ்லின் அக்கா.

"ஒரு தட்டு போதும் அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி. "இப்ப விடுங்க."

"என்னத்தை?"

"இறங்கட்டும்."

ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றான். நிற்பது சங்கடமாக இருந்தது. கை தானாக எழுந்தது. அடக்கினான். துணிக்குள்ளே, மேலே எங்கோ, சர்ரென்று மணல் சரிவதுபோல ஒரு சத்தம். அது மெதுவாக இறங்கி வந்தது. வாளியில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

இன்னொரு தட்டு. நின்றான். இன்னொரு கோடு.

பத்துத் தட்டில் ஒரு கைப்பிடி மாவு சேர்ந்துவிட்டது. ரோஸ்லின் அக்கா வாளியைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகி, "வாரேன் டீச்சரம்மா" என்று நொடித்துக்கொண்டே போனாள். வாசலில் திரும்பி, "புதுப் பையன் பரவாயில்ல, பழகிருவான்" என்றாள்.

அப்புறம் மில்லில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"அந்தப் பெட்டியை எடுங்க" என்றாள். "முதல் பாடம். என் வேகத்துலயே போடுங்க."

போட்டான். திரை வந்தது. அதே குரல்தான், எதிரே நிற்கிறவளின் குரல். எட்டு மாதம் கேட்டும் அவனுக்கு அது புதிதாக இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை நடுவில் காற்று இருந்தது. 'கம்ப்யூட்டரை ஒரு பேர் சொல்ல வைக்கப் போறோம். உங்களுக்குப் பிடிச்ச யார் பேரா இருந்தாலும் சரி. இந்த வரியைப் பாருங்க. பாத்தாச்சா? இப்ப நீங்க எழுதுங்க.'

தப்... தப்...

பேச்சிமுத்துவின் விரல் தானாகவே பத்து விநாடி தாவுகிற அம்புக்குறிக்குப் போயிற்று.

"ஏன் அங்க போறிய?"

"இந்தத் தட்டுற சத்தம் வந்தா தள்ளிவிட்டுருவேன் டீச்சர். பக்கத்துல ஏதோ வேலை நடக்கு, இடைஞ்சல்னு நெனைச்சேன்."

"கையை எடுங்க."

எடுத்தான். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தப்... தப்... திரையில் ஒரு வரி அசையாமல் நின்றது. பத்துத் தட்டு. பிறகு குரல் வந்தது.

'எழுதியாச்சா?'

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

'இன்னும் இல்லையா? சரி. எழுதுங்க. நான் இங்கதான் இருக்கேன்.'

மறுபடியும் தப்... தப்...

பேச்சிமுத்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மீசையில் மாவு அப்படியே இருந்தது.

"எல்லாப் பாடத்துலயும் இது இருக்கா?"

"இருக்கு."

"எழுபத்திரண்டுலயுமா?"

"ஆமா."

அவன் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். "ஒம்பதாப்பு படிக்கையில எனக்கு எழுத்து மெதுவா வரும் டீச்சர். நான் மூணாவது வரிக்கு வாரதுக்குள்ள சார் போர்டை அழிச்சிருவாரு. ஒரு நாள் எந்திரிச்சு, அழிக்காதீங்க சார்னு கேட்டேன். வகுப்பே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. அடுத்த வாரம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போயிட்டேன்."

ஜெபக்கனி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவனிடம் நீட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பாடத்துக்கு நடுவுல நீங்க ஏன் நிக்கிய?" என்று கேட்டான். "யாரும் அப்படி நிக்கதில்லையே."

"நான் இங்க நின்னுதான் படிச்சேன் அண்ணாச்சி. போனை அந்த ஆணியில மாட்டிப் பாடத்தைப் போட்டுருவேன். வெளிநாட்டு ஆளு ஒருத்தரு நடத்துவாரு. நல்லாத்தான் நடத்துவாரு. அவரு எழுதச் சொல்லுத நேரம் என் கையெல்லாம் மிளகாப்பொடியா இருக்கும். போனைத் தொட முடியாது. கையைக் கழுவிட்டு ஓடி வந்தா, அவரு பத்து வரி தாண்டிப் போயிருப்பாரு."

"பின்னால இழுத்துப் பாக்கலாம்ல?"

"பாத்தேன். ஆனா கூப்பிடக் கூப்பிடப் போறவரு முதுகைப் பாத்த மாதிரி இருக்கும்." சிரித்தாள். "அவர் மேல தப்பில்ல. நான் இங்க நிக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன?"

"தெரியாது. அதான் நின்னேன்."

வெளியே வெயில் தெருவின் பாதிக்கு இறங்கியிருந்தது. பேச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்து விரித்தான். பென்சிலால் போட்ட வட்டங்கள், அழித்த தடங்கள், மறுபடி போட்ட வட்டங்கள். அதில் இரண்டு வட்டம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்த நாள் மூன்றே மூன்று. "இதைத்தான் எழுதணும்னு..." என்று ஆரம்பித்தான். "எட்டு மாசம் ஆச்சு. சொல்லுங்க டீச்சர். எனக்கு வருமா?"

ஜெபக்கனி காலண்டர் தாளைப் பார்த்தாள். திருப்பி மடித்து அவன் பக்கத்திலேயே வைத்தாள். லேப்டாப்பில் பாடத்தை மூடிவிட்டு வெற்றுத் திரையைத் திறந்தாள். அதே சின்னக் கோடு. விட்டு விட்டு மினுங்கியது.

"முதல் பாடம்" என்றாள். "ஒரு பேரு. எழுதுங்க."

டின்னை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மடியில் லேப்டாப். ஒரே ஒரு விரலை நீட்டி அந்த வரியின் முதல் ஆங்கில எழுத்தைத் தேடினான். பி. அது வலது பக்க ஓரத்தில் ஒளிந்திருந்தது. பொன்னுத்தாய் பேருக்கும் அதே எழுத்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டான்.

தெருமுனையில் பஸ் ஹாரன் நீளமாகக் கேட்டது.

"மூணே முக்கால் வந்துட்டு அண்ணாச்சி."

"தெரியும் டீச்சர்."

கதவு அடிக்கிற சத்தம். விசில். பஸ் கிளம்பிப் போகிற இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை. அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

"எழுதியாச்சா?"

திரையில் இரண்டு எழுத்து இருந்தது.

"இல்ல டீச்சர்."

"சரி" என்றாள்.

சுவரோரம் சாய்த்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு துணிப்பைக்குப் போனாள்.

தப்...